கிணற்று நீரும் வெள்ளியும்
(கமக்காரர் அறியவேண்டியவை)

வெள்ளி நோய்க்கிருமிகளை அழிக்கும் என்பது மெய்யே. ஆயினும், அது எதனை அழிக்கும், எதனை நீக்காது என்பவற்றைப் பகுத்தறிதல் வேண்டும். சுன்னாகத்தில் நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கற்பாறையில் தங்கியுள்ள நிலத்தடி நீரையே. பயிருக்கிட்ட பசளையும் மலகூடக் குழியின் கசிவும் பாறை வெடிப்புகளின் வழியே இந்நீரை எளிதில் அடையும்.

வெள்ளி தொழிற்படும் விதம்

வெள்ளி நீரில் மிகச் சிறிதளவு கரைந்து அயன்களாகும். இவ்வயன்கள் பற்றீரியாவின் புரதங்களோடு பிணைந்து, அதன் சுவாசத்தையும் பெருக்கத்தையும் தடுக்கும். இது மெதுவாகவே நிகழும். வெள்ளிக் குவளையில் வார்த்தவுடன் நீர் தூயதாகிவிடாது.

களிமண் வடிகட்டி

களிமண்ணுடன் உமித்தூளையோ மரத்தூளையோ கலந்து பானையாக வனைந்து சுட்டால், தூள் எரிந்து நுண்துளைகள் எஞ்சும். அப்பானைக்கு நுண்ணிய வெள்ளித்துகள் கலந்த கரைசல் பூசப்படும். 1981 இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசரியேகோசு என்பார் இத்தகைய வடிகட்டியை அமைத்தார். துளைகள் பற்றீரியாவிற் பெரும்பகுதியைத் தடுக்கும். வெள்ளி அவை பானையிற் பெருகாது காக்கும். ஆனால் வைரசுகள் மிகச் சிறியவை. அவற்றிற் பல துளைகளைக் கடந்துவிடும். ஆதலால் வயிற்றோட்டம், செங்கண்மாரி பரவுங் காலத்தில் நீரைக் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும்.

வெள்ளி நீக்காதவை

நைத்திரேற்று உப்பை வெள்ளி நீக்காது. கொதிக்க வைத்தாலும் அது குறையாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று உள்ள நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். 2014 ஆம் ஆண்டளவில் சுன்னாகம் மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளிற் காணப்பட்ட எண்ணெய் மாசையும் வெள்ளியால் அகற்ற இயலாது.

பயிர் வைரசுகள்

மிளகாய், தக்காளி ஆகியவற்றின் இலைச்சுருள் வைரசுக்கு வெள்ளிக் கரைசல் மருந்தன்று. நோயுற்ற செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழித்து, நோயைப் பரப்பும் வெண்ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி. அக்கரைசல் மண்ணிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களையும் கெடுக்கலாம்.

செய்யவேண்டியவை

1. கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, நைத்திரேற்றின் அளவை அறிக.
2. யூரியாவை ஒரே முறையில் இடாது, சிபாரிசு செய்த அளவில் பல தவணைகளாக இடுக. மிகையாக நீர் இறைத்தலைத் தவிர்க்க.
3. குழந்தைக்குரிய நீரைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுக.
4. வடிகட்டிப் பானையை மென்மையான தூரிகையாற் கழுவுக; வடிந்த நீரை மூடிய பாத்திரத்தில் வைக்க.
5. வெள்ளிக் கரைசலை மருந்தெனக் குடியாதீர். அது தோலை என்றும் மாறாத நீலச்சாம்பல் நிறமாக்கும்.

வெள்ளி பற்றீரியாவுக்கு ஒரு காவல். கிணற்றைக் காக்கும் பொறுப்போ பசளையிடும் நமது கையிலேயே உள்ளது.