ஒற்றை மரத்தில் விழும் இடி

அமெரிக்காவின் மேற்கே நீண்டு கிடக்கும் ராக்கி மலைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழையில்லா இடி மிகுதி. மேகத்திலிருந்து இறங்கும் மழை வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். மின்னல் மட்டும் தரைக்கு வந்து சேரும்.

எல்லா மின்னலும் தீ மூட்டுவதில்லை. கண நேரத்தில் முடிந்தால் மரத்தைப் பிளந்துவிட்டுப் போய்விடும். மின்னோட்டம் சற்றே நீடித்தால்தான் பட்டமரத்தின் உளுத்த பகுதியோ அடியில் குவிந்த ஊசியிலைச் சருகோ பற்றிக்கொள்ளும். அப்போதும் உடனே கொழுந்துவிட வேண்டுமென்பதில்லை. நாட்கணக்கில் உள்ளேயே கனன்று கிடந்து, காற்றடிக்கும் ஒரு பிற்பகலில் புகை காட்டும். ஆகவே இடிமழை ஓய்ந்த பிறகும் பல நாட்கள் கண்காணிக்கிறார்கள்.

இத்தகைய தீயை இருவர் மூவரே அணைத்துவிடுவதுண்டு. சாலையில்லாத இடமென்றால் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பார்கள். 1940-இல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய முறை இது. மலையுச்சியில் தண்ணீரை நம்புவதற்கில்லை. 'புலாஸ்கி' என்ற கருவிதான் துணை. அதற்கு ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்கொத்தும் அலகு. முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். எரியும் மரமோ கிளையோ எப்போதும் முறிந்து விழலாம். பிறகு தீயைச் சுற்றிச் சருகு, வேர், மக்கு அனைத்தையும் வழித்து, வெறும் மண் தெரியும்வரை தடுப்புக்கோடு வெட்டுகிறார்கள். சரிவின் கீழ்ப்புறத்தில் அதைப் பள்ளமாகவே வெட்டுவார்கள். எரியும் கட்டை உருண்டு கோட்டைத் தாண்டினால், தீ கீழிருந்து மேலேறி ஆட்களை மடக்கிவிடும்.

தீ அடங்கிய பின்தான் நீண்ட வேலை. கையுறையைக் கழற்றி, புறங்கையால் சூடு பார்த்துக்கொண்டே சாம்பலை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறார்கள். வண்டி நின்றதும் அச்சுப்பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தபடி நடந்த எங்கள் ரயில்வே பரிசோதகர்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். புறங்கையை விஞ்சிய கருவி அன்று எங்களிடமும் இல்லை!

ஆனால், எல்லாத் தீயையும் அணைத்தே ஆக வேண்டுமா? தீ கண்ட மறுநாள் காலை 10 மணிக்குள் அதை அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் அமெரிக்க வனத்துறை விதி செய்தது. அவ்விதி நடப்பிலிருந்த காலத்தில்தான், 1949 ஆகஸ்ட் 5 அன்று, மொன்டானாவின் மேன் கல்ச் பள்ளத்தாக்கில் மின்னல் மூட்டிய ஒரு தீயை அணைக்க 15 பேர் குதித்தனர். வழக்கமான வேலை என்றே நினைத்தார்கள். ரேடியோவின் பாராசூட் விரியாமல் அது நொறுங்கிப்போயிற்று. தரையில் ஒரு வனக்காவலர் அவர்களுடன் சேர்ந்தார். இரண்டு மணி நேரத்துக்குள் தீ பள்ளத்தாக்கைத் தாண்டி, காய்ந்த புல் நிறைந்த செங்குத்துச் சரிவில் அவர்களைத் துரத்தியது. மேட்டில் மனிதனின் வேகம் குறையும். தீயின் வேகம் கூடும், சுவாலை மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால். தலைவர் டாட்ஜ் தம் முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்தார். மற்றவர்களையும் அழைத்தார். அந்த நெருக்கடியில் யாருக்கும் அது புரியவில்லை. 13 பேர் மாண்டனர். டாட்ஜும், முகட்டுப் பாறை இடுக்கில் நுழைந்த இருவரும் மட்டுமே பிழைத்தனர்.

10 மணி விதி 1978-இல் கைவிடப்பட்டது. சிறு தீயே படாத காட்டில் சருகும் புதரும் சேர்ந்து, பின்னால் வரும் தீ பெருந்தீயாகிறது என்பது தெரிந்திருந்தது. எனவே ஊரைவிட்டு எட்டிய, காற்றும் ஈரமும் சாதகமான இடங்களில் சில தீக்களை எரியவிட்டுக் கவனிக்கிறார்கள். அணைக்கப் போனால், ஒற்றை மரமானாலும் மண்ணைக் கொத்துமுன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்: தீயைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், அவர் குரல் நமக்கு எட்டுமா, ஓட வழி எது, ஓடி நிற்க இடம் எது?