ஓலை நாயகமும் கணிப்பொறி நாயகமும்

ஓர் அரசு தன் குடிகளைப் பற்றி அறிந்துகொள்வதும், அறிந்ததைப் பதிந்து வைப்பதும், பதிந்ததை உற்ற காலத்தில் உரியவரிடம் சேர்ப்பதும் ஆகிய தொழில்கள் இன்று பெரும்பாலும் கணிப்பொறியின்பாற் பட்டுவிட்டன. அத்தொழில்களுக்குத் தலைமை தாங்குவோர் யாவர், அவர்க்கு வேண்டுந் தகுதி யாது என்னும் ஆராய்ச்சி, தமிழ் பயிலும் மாணாக்கர்க்குப் புறம்பானதென்று நண்பர் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதுகின்றிலேம். என்னை? இப்பதவி பெயரால் புதிதேயன்றிப் பொருளால் நம் நாட்டிற்குப் புதிதன்று.

சோழர் கல்வெட்டுக்களைப் பயின்றோர் இதனை நன்குணர்வர். அரசன் வாய்மொழியை நேரிற் கேட்டல் திருவாய்க்கேள்வி எனப்பட்டது. கேட்டதை எழுதியவன் திருமந்திர ஓலை எனவும், எழுத்தைச் சரிபார்த்து ஒப்பமிட்டவன் திருமந்திர ஓலை நாயகம் எனவும் வழங்கப்பெற்றனர். பின்னர் அவ்வாணை புரவுவரித் திணைக்களத்தாரிடம் சென்று வரிப்பொத்தகத்தில் ஏறிற்று. இம்முறையில் நாம் வியப்பது ஒன்றுண்டு. கேட்டவன், எழுதியவன், ஒப்பிட்டவன், பதிவின்கண் உடனிருந்தவன் என அலுவலர் பலருடைய பெயர்களும் சாசனத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பிழை நேரின் யாரை வினவுவதென்று குடிகள் திகைக்க வேண்டுவதில்லை. திருவள்ளுவரும் பொருட்பாலிலே தெரிந்து வினையாடல், ஒற்றாடல், தூது என மூன்று அதிகாரங்களை வகுத்தது, செய்தியை ஆள்வோனைத் தேர்ந்தெடுத்தல் அரசியலின் பெரும்பகுதி என்பது பற்றியே போலும்.

இனி இராமேசுவரக் கரைக்கு வருவோம். செய்தி வாராமையால் விளையுங் கேடு யாதென்பதை இக்கரையைப் போல அறிந்த நிலம் தமிழகத்தில் வேறு உளதோ, அறியேம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அவ்வூரை நோக்கிச் சென்ற புகைவண்டி, நூற்றுக்கு மேற்பட்ட மக்களோடு கடலுக்கு இரையாயிற்று. தந்திக் கம்பிகள் அறுந்தமையால் அக்கொடுஞ் செய்தி வெளியுலகை எட்டவும் காலந் தாழ்ந்தது. வண்டியை ஓட்டியவர்க்கு முன்னே கிடந்த கடலின் நிலையைச் சொல்வார் அன்று ஒருவரும் இலர்.

அக்கரையிலே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்தவர் அப்துல் கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவர நிலையத்தில் வண்டி நிற்பது நின்றுபோகவே, செய்தித்தாள் கட்டுக்கள் ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்டன. அவற்றைப் பொறுக்கி வழங்குதற்குத் தம் உறவினர்க்குச் சிறுவரான கலாம் துணைபுரிந்தார். தந்தையார் யாத்திரிகரை ஏற்றிச் செல்ல வைத்திருந்த படகைப் புயலொன்று கொண்டுபோயிற்று. இவ்விரண்டும் அவரே தம் வரலாற்றில் கூறியவை. செய்தியைச் சுமந்த சிறுவரும், செய்தியின்றிக் கெட்ட கரையும் ஒருங்கு நம் நினைவிற்கு வருதல் இயல்பே.

அவர் வளர்ந்து ஏவுகணை இயற்றியதை யாவரும் பேசுவர். அவர் வகித்த மற்றொரு பதவியைப் பேசுவோர் சிலரே. 1999ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய அரசு 'முதன்மை அறிவியல் ஆலோசகர்' என்றொரு பதவியைப் படைத்து, அமைச்சர்க்கு ஒப்பான நிலையில் அவரை முதன்முதல் அதில் அமர்த்திற்று. பல அமைச்சகங்களுக்கிடையே நின்று, எக்கருவியை அரசு கைக்கொள்ளத்தகும் என்று கூறுதல் அப்பதவியின் தொழில். அவர்க்குப்பின் அதனை ஏற்ற இராஜகோபால சிதம்பரம் காலத்தில், பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைக்கும் தேசிய அறிவு வலையத்திற்கு 2010ஆம் ஆண்டில் அரசின் ஒப்புதல் கிடைத்தது.

கலாம் குடியரசுத் தலைவராயிருந்த பொழுது நிகழ்ந்த ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. 2002ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத் தலைவர் பில் கேட்ஸ் அவரைக் கண்டு உரையாடினார். மென்பொருளின் மூலநிரல், அஃதாவது பொறிக்கு இடும் கட்டளைகளின் முதற்படி, மறைபொருளாய் இருக்கத்தகுமோ, யாவரும் கண்டு திருத்தத் திறந்திருக்கத்தகுமோ என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை தோன்றிற்று. 2003ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் புனாவில் ஒரு கல்விக்கூடத்தில் பேசிய கலாம் அதனை வெளிப்படையாகவே கூறி, நம் நாட்டுப் பெருந்திரளான மக்களுக்குத் திறந்த நிரலே ஏற்றதென்று தம் துணிபை அறிவித்தார். பொறியின் உள்ளியல்பை அறிந்த ஒருவர் அவ்வுயர்ந்த இருக்கையில் இருந்தமையாலன்றோ விற்போர் முன் அங்ஙனம் மாறுபட முடிந்தது! அறியாதார் அவ்விடத்திருப்பின், விற்பவர் சொல்லே அரசின் சொல்லாய் முடியும்.

ஆயின் தலைமை என்பது தில்லியில் மட்டும் இருப்பதன்று. 1976ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய தகவலியல் மையத்தின் முதற்றலைவர் ந. சேஷகிரி, ஏறத்தாழ ஒரு கால் நூற்றாண்டு அதனை நடத்தினார். பொதுமக்களுக்கு இணையம் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளில்தான் கிட்டிற்று. அதற்கு முன்னரே மாவட்ட ஆட்சியரகங்கள் விண்கோள் வழியாய்த் தலைநகரோடு பேசத் தொடங்கிவிட்டன. இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் அம்மையத்தின் தகவலியல் அலுவலர் ஒருவர் உளர். இராமநாதபுரமும் அதற்கு விலக்கன்று. நம் மாநிலத்தில் 1999 முதல் 2001 வரை திருவாரூர் ஆட்சியராயிருந்த உமாசங்கர், வட்டாட்சியர் அலுவலக வேலைகளைக் கணிப்பொறிக்கு மாற்றி அம்மாவட்டத்தைப் பிறர்க்கு எடுத்துக்காட்டாக்கினார். அவரே பின்னர் எல்காட் என்னும் மாநில மின்னணுக் கழகத்தின் மேலாண்மை இயக்குநராய், திறந்த நிரலாகிய லினக்ஸை அரசுப்பணியிற் புகுத்தினார். சேஷகிரிக்குக் கிட்டிய நீண்ட காலம் ஆட்சிப்பணியாளர்க்குக் கிட்டுவதில்லை. ஓரிரண்டு ஆண்டில் இடமாற்றம் வரும். புதியவர் வந்து புதியதொன்றைத் தொடங்குவார். கணிப்பொறி வேலையோ பனை நடுவதை ஒத்தது.

பொறியாளரும் ஆட்சிப்பணியாளருமன்றித் தொழிலதிபரை அழைத்தலும் உண்டு. 2009ஆம் ஆண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான நந்தன் நீலேகணி, ஆதார் எண் வழங்கும் ஆணையத்தின் முதற்றலைவராய் அமைச்சர் நிலையில் அமர்ந்தார். வேலை விரைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கோடிக்கணக்கான மக்களின் கைரேகை பதிவான பின்னரே, 2016ஆம் ஆண்டில், அதற்கெனச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியார்க்குத் தந்த உரிமையை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிற்று. பொத்தகம் முன்னும் ஆணை பின்னுமாய் வந்த இவ்வரிசை சோழர் ஓலை நாயகத்திற்கு விந்தையாய்த் தோன்றியிருக்கும். விரைவைப் புகழ்வோர் இதனையும் உடனெண்ணுதல் தகும்.

பெரும்பொருள் உடைய நாடுகளும் இவ்வகையில் இடறியதுண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமைத் தகவல் அலுவலர் வேண்டுமென்று 1996ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். தில்லியிற் பிறந்த விவேக் குந்த்ரா 2009ஆம் ஆண்டில் அந்நாட்டு நடுவணரசு முழுமைக்கும் அப்பதவியில் முதல்வராய் அமர்ந்தார். இருந்தும் 2013 அக்டோபர் முதல் நாளில் மருத்துவக் காப்பீட்டுக்கெனத் திறந்த அரசு இணையதளத்தில், அன்று பதிவை நிறைவு செய்தோர் அறுவர் மட்டுமே. ஒப்பந்தக்காரர் பலராயிருந்தனர், அனைத்தையும் ஒருங்கே நோக்கி, "இஃது இன்னும் முற்றவில்லை, திறவாதீர்" என்று தடுக்கும் ஒருவர் இல்லை.

தமிழ் மாணாக்கராகிய நாம் விடற்கரியது மொழி பற்றியது. பல ஆண்டுகள் நம் அரசு அலுவலகங்களில் தமிழ் எழுத்துக்கள் எழுத்துருவுக்கொரு குறியீடாய்ச் சிதறிக் கிடந்தன. ஓர் அலுவலகத்தில் தட்டச்சான கடிதம் அவ்வெழுத்துரு இல்லாத பிறிதோர் அலுவலகத்தில் பொருளற்ற கோலமாய்த் தோன்றிற்று. 1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பின் விசைப்பலகை ஒருமைப்பட்டது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியே தரம் என்று அரசாணை பிறந்தது. பட்டா பெறச் செல்லும் உழவர்க்கு இவை தெரியா. ஆயின் அவர் பெயர் பிழையின்றித் திரையில் தோன்றுவதும் தோன்றாமையும் இத்தகைய ஆணையால் விளைவதே. இவ்வினாவில் பொறியாளர் மட்டும் தீர்ப்பளித்தல் போதாது. எழுத்தின் இயல்பறிந்தாரும் அவ்வவையில் இருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. இவ்வாண்டு மூன்றாம் வகுப்பில் இலக்கணம் பயிலும் நண்பர்காள், எழுத்ததிகாரம் தேர்வுக்கு மட்டுமே உதவுவதென்று எண்ணற்க.

மீண்டும் கடலை நோக்குவோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலிற் சுழன்றது. வானிலை அறிவிப்பு கரைக்கு வந்தது. நெடுந்தொலைவில் பன்னாள் தங்கி மீன் பிடித்தோரை எட்டவில்லை. கைப்பேசியின் அலை கரையை விட்டுச் சிறிது தொலைவிலேயே ஓய்ந்துவிடும். உயிரிழந்தோர் பலர். இதன்பின் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் சிறு கருவியை வெளியிட்டது. அது விண்கோளிலிருந்து புயல், அலை, மீன்வளம் பற்றிய செய்திகளைப் பெற்று மீனவர் கைப்பேசிக்கு அனுப்பும். வட்டார மொழிகளிலும் காட்டும். ஆயின் அஃது ஒருவழிக் கருவி. அரசு பேசலாம், படகு கேட்கலாம். படகு பேச இயலாது. இடருற்ற படகு தானே குரல் கொடுக்கும் கருவியை விண்வெளி ஆய்வு நிறுவனம் 2010 முதல் வழங்கி வந்தது. அதிலோ, குரல் கேட்கப்பட்டதா என்பதைப் படகிலுள்ளார் அறியும் வழி இல்லை. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பெற்ற இரண்டாம் தலைமுறைக் கருவியே, கரையிலுள்ள மையத்தின் மறுமொழியைப் படகிற்குத் திருப்பி அனுப்புகின்றது.

பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த எல்லைக்கோடு இராமேசுவரத்திற்கு மிக அணித்தே செல்கின்றது. படகு எங்குளது என்பதைக் காட்டும் கருவி, இடரில் உயிர் காக்கும். அதே கருவி, படகு எங்குச் சென்றது என்பதையும் பதிந்து வைக்கும். அப்பதிவை யார் காணலாம், எத்துணைக் காலம் வைக்கலாம், மீனவர் தாமே அதனைக் கேட்டுப் பெறலாமோ என்னும் வினாக்களுக்கு விடை கூற வேண்டியவர் கருவியை விற்றவர் அல்லர், துறையின் தலைவர். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் படகு வைத்திருப்போர் அவ்விடையைத் தமிழில் கேட்பர்.