சீரான காற்று, ஈரமில்லாத காற்று

அன்புள்ள கதிர்,

ஏர்பிரஷ் வாங்கிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். 0.3 மி.மீ. ஊசி நல்ல தேர்வு; 1/72 விமானத்துக்கும் சரி, 1/35 டாங்கிக்கும் சரி, அதுவே போதும். அடுத்தது கம்ப்ரஸர். கடைக்காரர் குதிரைத்திறன் பெருமை பேசுவார், காதில் போட்டுக்கொள்ளாதே. மாடலுக்குப் பெயிண்ட் அடிக்க 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், பஞ்சர் கடைக் காற்றில் கால்வாசிகூட வேண்டாம். ஆனால் வருகிற காற்று சீராக வர வேண்டும், ஈரமில்லாமல் வர வேண்டும்.

சீருக்கு டேங்க். பிஸ்டன் தள்ளுகிற காற்று துடித்துத் துடித்துத்தான் வரும். டேங்க் இல்லாத மலிவு மெஷினில் அந்தத் துடிப்பு மெல்லிய கோட்டில் திட்டுத்திட்டாகத் தெரிந்துவிடும். 3 லிட்டர் டேங்க் அதை அடக்கும், மோட்டாருக்கும் ஓய்வு தரும். எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத பிஸ்டன் வகையாகப் பார். பெரும்பாலும் அவை 57 பி.எஸ்.ஐ. வந்ததும் தானாக நின்று, 43-க்கு இறங்கியதும் மறுபடி ஓடும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல். மோட்டார் நின்றபின் ஐந்து நிமிடம் கேஜ் முள்ளைக் கவனி. இறங்கினால் எங்கோ கசிகிறது.

வீட்டில் பொருத்தும்போது திருகு இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்று. பிறகு சோப்பு நுரை தடவிப் பார். குமிழி வருகிற இடத்தை இறுக்கு.

ஈரம்தான் சென்னைக்காரர்களின் தலைவலி. டேங்க் நிறையும்போது காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அது ஆறியதும் ஈரத்தில் பெரும்பகுதி தண்ணீராகப் பிரியும். ரெகுலேட்டரோடு வரும் வடிகட்டி கொஞ்சம் பிடிக்கும். சூடு ஆறாத காற்று அதைத் தாண்டிப்போய் ஹோஸுக்குள் வியர்க்கும். அதனால் ஏர்பிரஷ் அடியிலேயே இன்னொரு சின்ன வடிகட்டி மாட்டு. கம்ப்ரஸரைத் தரையில் வைத்தால் ஹோஸில் சேரும் நீர் கைப்பக்கம் ஏறாமல் கீழேயே வடியும். வேலை முடிந்ததும் டேங்க்கின் அடித் திருகைத் திறந்துவிடு. மழைக்காலத்தில் வருகிற தண்ணீரைப் பார்த்தால் நம்ப மாட்டாய்.

அழுத்தம் வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ட்ரிக்கரை அழுத்திக் காற்று ஓடும்போதுதான் ரெகுலேட்டரைத் திருக வேண்டும். சும்மா இருக்கையில் 20 காட்டும் முள், காற்று ஓடியதும் சில புள்ளி இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உன் கணக்கு. மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் பக்கவாட்டுப் புள்ளிகளுக்குப் பெயிண்டை இன்னும் நீர்க்கக் கரைத்து, 10–12-க்கு இறக்கி, கிட்டே போய் அடி. பெயிண்ட் ஓரத்தில் சிலந்திக் கால் போலப் பரவினால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது பெயிண்ட் மிகவும் நீர்த்துவிட்டது. முதலில் ரெகுலேட்டரைக் குறை. சரியாகாவிட்டால் பெயிண்டைப் பார்.

வாசனை இல்லாத அக்ரிலிக் ஆனாலும் மாஸ்க் போடு, ஜன்னலைத் திற. முதல் வாரம் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பழகு. எந்த அழுத்தத்துக்கு எந்தக் கரைசல் ஒத்துவந்தது என்று ஸ்பூனின் பின்புறத்திலேயே எழுதி வை. எந்தப் புத்தகத்தையும்விட அது உன் மெஷினுக்குப் பொருந்தும்.

அன்புடன்,
மாமா