சிலபஸில் இல்லாத ஒரு பிராக்டிகல்



"சாப்பிடறதுக்குக் கூடவா பாடம்? மெஸ்ஸில் மூணு வருஷமா அதை மட்டும்தானே ஒழுங்கா செய்யறோம்!" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த ஒரு மதியச் சாப்பாடு வரைக்கும்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஓர் உதிரிபாகக் கம்பெனிக்குப் போயிருந்தேன். அவர்களிடம் பொருள் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். ஆய்வு நல்லபடியாக முடிந்தது. "நீயும் வாப்பா" என்று மேனேஜர் என்னையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிப்பது என்பதுதான் என் பயம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து அதில் தப்பித்துவிட்டேன். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

வந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, லைன்ல என்ன கத்துக்கிட்டீங்க?" என்றார். நான் உற்சாகமாக, "ரீவொர்க் நல்லா கத்துக்கிட்டேன் சார். போன வாரம் மட்டும் 300 பீஸ் பண்ணோம்!" என்றேன். மேசையில் பேச்சு நின்றுவிட்டது. அத்தனையும் டிஸ்பாட்ச்சுக்கு முன்பே சரிசெய்த பீஸ்கள்தான். ஆனாலும் மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப்போனது.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. டிரெயினிங் முடிந்து சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும்போது சொன்னார்: "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலைப்பா. ஆனா அதைச் சொல்ல வேண்டிய ஆள் நீ இல்ல, சொல்ல வேண்டிய இடமும் அது இல்ல. சாப்பாட்டு மேசையும் ஆபீஸ்தான். ஃபைல்தான் இருக்காது."

அதற்குப் பிறகு அவரிடமும், வேலையில் இருக்கும் நம் சீனியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் காத்திருக்கும் நமக்கு உதவுமே!

1. போவதற்கு முன்

அழைத்தவருக்கு ஐந்து நிமிடம் முன்னால் இருங்கள். சைவமா அசைவமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொலைப்பசியோடு போகாதீர்கள். பசித்தவன் கண் தட்டை விட்டு நகராது. எதிரில் இருப்பவர் பேசுவது காதில் ஏறாது. செல்போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். மேசைமேல் வைத்தால், "உங்களைவிட முக்கியமான ஆள் கூப்பிடக்கூடும்" என்று சொல்வதாக அர்த்தம்.

2. உட்காருவதும் ஆர்டர் செய்வதும்

அழைத்தவர் இடம் காட்டும்வரை நில்லுங்கள். மெனு கார்டு வந்ததும் விலை அதிகமானதையும் தேட வேண்டாம், கூச்சப்பட்டு வெறும் தயிர்சாதமும் கேட்க வேண்டாம். "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று அழைத்தவரையே கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து அளவு தெரிந்துவிடும். நண்டு, எலும்புள்ள கோழி போன்ற மல்யுத்த ஐட்டங்களை நண்பர்களோடு போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பரிமாறி, அழைத்தவர் ஆரம்பித்த பிறகே நாம் ஆரம்பிக்க வேண்டும்.

3. கருவிகள்

வெர்னியர் காலிப்பரைப் படிக்கத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. ஃபோர்க் இடது கை, கத்தி வலது கை. பல ஜோடிகள் இருந்தால் வெளியே இருப்பதை முதலில் எடுத்து, உள்நோக்கிப் போக வேண்டும். இடது பக்கம் இருக்கும் ரொட்டித் தட்டும், வலது பக்கம் இருக்கும் டம்ளரும் நம்முடையவை. இது தெரியாமல் பக்கத்து ஆளின் தண்ணீரைக் குடித்தவர்கள் உண்டு! நாப்கின் மடியில். சூப்பைத் தனக்கு எதிர்ப்பக்கமாக அள்ளி, சத்தமில்லாமல் குடிக்க வேண்டும். முடித்ததும் கத்தியையும் ஃபோர்க்கையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தால் "போதும்" என்று அர்த்தம். விலக்கி வைத்தால் "இன்னும் சாப்பிடுகிறேன்" என்று அர்த்தம். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் விரல் கழுவ. குடித்துவிடாதீர்கள்!

சப்பாத்தி, நான், தோசையைக் கையால் சாப்பிடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஆனால் எச்சில் கையால் பொதுக் கரண்டியையோ தண்ணீர் ஜக்கையோ தொடக்கூடாது. அதற்கு இடது கை சுத்தமாக இருக்கட்டும். இது நம் பாட்டி சொன்ன அதே பாடம்தான்.

4. இலைச் சாப்பாடு

வெளியூர் விருந்தினரை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனால் வழிகாட்டி நாம்தான். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடது பக்கம் இருக்க வேண்டும். முடித்ததும் மேல் பாதியைத் தன் பக்கமாக மடிப்பது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். பந்தியில் மற்றவர்கள் சாப்பிடும்போது முந்தி எழுந்திருப்பது மரியாதை இல்லை.

5. நின்றுகொண்டே நடக்கும் விருந்து

பஃபேயில் வரிசை முக்கியம். தட்டில் கோபுரம் கட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். குளிர்ந்த டம்ளரை இடது கையில் பிடியுங்கள். கைகுலுக்க வலது கை ஈரமில்லாமல் இருக்கும். பெண் அதிகாரிகள் கை நீட்டினால் குலுக்கலாம்; இல்லையென்றால் ஒரு வணக்கம் போதும். நம்மோடு வந்தவர்களோடேயே மூலையில் கூட்டம் சேராமல், தெரியாத இரண்டு பேரிடமாவது அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

மது நீட்டப்பட்டால், "நன்றி சார், எனக்கு ஜூஸ் போதும்" என்றால் முடிந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை, பிரசங்கமும் தேவையில்லை.

6. அயல்நாட்டு விருந்தினர்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானியக் கம்பெனிகள் பெருகிவிட்டன. நம்மில் பலர் அங்கேதான் வேலைக்குப் போகப்போகிறோம். கொரியர் மேசையில் வயதில் மூத்தவர் முதலில் சாப்பிட ஆரம்பிப்பார். பெரியவரிடம் எதையும் இரு கைகளால் வாங்குவதும் கொடுப்பதும் மரியாதை. ஜப்பானியர் விசிட்டிங் கார்டு தந்தால் இரு கைகளாலும் வாங்கி, படித்துப் பார்த்து, மேசைமேல் வையுங்கள். பேன்ட் பின்பாக்கெட்டில் செருகாதீர்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக்கூடாது. அது அவர்கள் இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை.

7. பேச்சு

நான் தோற்ற பாடம் இது. வேலை விஷயத்தை அழைத்தவர் ஆரம்பிக்கட்டும். சம்பளம், மதம், கட்சி, மூன்றாம் ஆளைப் பற்றிய குறை வேண்டாம். "எந்த ஊர்?" என்று கேட்பது அன்பு. "அங்கே எந்தத் தெரு?" என்று தோண்டுவது சாதியை விசாரிப்பது, அதை ஒருபோதும் கேட்காதீர்கள். பட்டறையில் நடப்பதைப் பற்றிக் கேட்டால், "நிறைய கத்துக்கிட்டேன் சார். விவரம் மேனேஜர் சார் நல்லா சொல்வாங்க" என்பது உண்மையான பதில், பத்திரமான பதிலும்கூட.

8. பில்லும் நன்றியும்

அழைத்தவரே பணம் கொடுப்பார். பில்லுக்காக மேசையில் இழுபறி வேண்டாம். நாம் அழைத்தவரானால் எழுந்து போய் கவுன்டரில் அமைதியாகக் கட்டிவிட்டு வருவது அழகு. மறுநாள் இரண்டு வரி நன்றி அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. அன்று ஓட்டலுக்குள் நுழைந்ததும் மேனேஜர் சர்வரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஸ்பெஷல் ஐட்டம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தபோதுதான் புரிந்தது. இரண்டு கார்களின் டிரைவர்களும் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். நாங்கள் யாரும் சாப்பிடும் முன்பே அவர்களுக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறார்!

திருக்குறளில் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். விருந்தினர் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் கடைசிக் குறளின் பொருள். ஃபோர்க்கைத் தப்பாகப் பிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நம்மால் ஒருவர் முகம் வாடினால்தான் நஷ்டம். மேனேஜர் முகத்தை வாட வைத்தவன் நான். அதனால்தான் இந்தப் பாடத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

நண்பர்கள் அனைவருக்கும் நல்ல வேலையும் நல்ல விருந்துகளும் அமைய வாழ்த்துக்கள்!

— இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்