ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு தொடை சூம்புவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 24, எடை 70 கிலோ. ஊர் கபடி அணியில் ரெய்டர். ரெய்டு போனபோது கால் திரும்பி, வலது முட்டியில் ஏசிஎல் ஜவ்வு கிழிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பு ஆபரேஷன் ஆனது. பின்தொடைத் தசைநாரை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது வலது தொடை பாதியாகச் சூம்பிவிட்டதுபோல் தெரிகிறது. புண் ஆறும்வரை கறி, மீன், முட்டை கூடாது, ஆட்டுக்கால் சூப் மட்டும் குடி என்கிறார் பாட்டி. ஜிம் பக்கம் எப்போது போகலாம்? ஐந்து மாதத்தில் பொங்கல் தொடர் வருகிறது. அதில் ஆட முடியுமா?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது உண்மைதான். தொடை மெலியத்தான் செய்யும். நல்ல உடல்நிலையில் இருந்த இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் அசையாமல் கட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் தொடைத் தசை சுமார் 8 விழுக்காடு குறைந்தது. பலம் அதைவிட வேகமாக இறங்கி, 20 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. காயமே இல்லாத காலுக்கே இந்தக் கதி.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முட்டிக்குள் வீக்கமும் நீரும் இருக்கும்வரை, அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி முன்தொடைத் தசையை அடக்கியே வைக்கும். நீங்கள் இறுக்க நினைத்தாலும் தசை முழுதாக இறுகாது. பலர் இதைச் சோம்பல் என்றோ வலிக்குப் பயம் என்றோ நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அது தேவையில்லை. வீக்கத்தை இறக்குவதும், தசையை மறுபடி எழுப்புவதும்தான் இப்போதைய முதல் வேலை.

பாயில் காலை நீட்டி உட்காருங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள், முட்டிக்குப் பின்புறம் தரையில் படாமல் இருக்கட்டும். இரண்டு விரலை முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக வைத்துக்கொண்டு தொடையை இறுக்குங்கள். சில்லு தொடைப் பக்கமாக மேலே நகர வேண்டும், விரலுக்கு அடியில் சதை கெட்டியாக வேண்டும். பிடிபடவில்லை என்றால் இடது காலில் முதலில் செய்து பாருங்கள், எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஐந்து விநாடி இறுக்கி, தளர்த்தி, பத்து முறை. இதை நாளில் ஐந்தாறு வேளை செய்யலாம். அப்படியும் தசை எழும்பாவிட்டால், பிசியோதெரபி நிலையத்தில் மின்தூண்டல் வைத்து உதவுவார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி சற்று மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முழுதாக நீளாத முட்டியோடு நடந்தால் நொண்டல் நிற்காது, தொடையும் தேறாது. உயர்த்தி வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

ஜிம்முக்கு, உங்கள் சர்ஜன் சரி என்றால், இப்போதே போகலாம். ஓய்வு வேண்டியது முட்டிக்குத்தான். உட்கார்ந்தபடி தோள், நெஞ்சு, முதுகுப் பயிற்சிகள் செய்யுங்கள். புல்-அப்ஸ் எடுத்தால் கம்பியிலிருந்து குதித்து இறங்கக் கூடாது. இடது காலுக்கு லெக் பிரஸ் தாராளமாகச் செய்யலாம். ஒரு பக்கம் பயிற்சி கொடுத்தால் சும்மா இருக்கும் மறுபக்கத்துக்கும் ஓரளவு பலம் போய்ச் சேரும் என்பதை 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டினார்கள். அது நரம்பு மண்டலத்தின் வேலை. வலது காலில், பின்தொடையிலிருந்து நார் எடுத்திருப்பதால், குதிகாலைப் பின்னால் இழுக்கும் பயிற்சிகளைப் பிசியோ சொல்லும்வரை தொடாதீர்கள். மெனிஸ்கஸ் என்ற முட்டிக் குருத்தெலும்பையும் சேர்த்துத் தைத்திருந்தால், எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு ஊன்றலாம் என்ற கணக்கே மாறும். டிஸ்சார்ஜ் தாளைப் பாருங்கள், தெளிவாக இல்லை என்றால் சர்ஜனிடமே கேளுங்கள்.

மூச்சுத்திறனுக்கு, முட்டி தாராளமாக மடங்கத் தொடங்கியதும் நிற்கும் சைக்கிள் நல்லது. கிணற்றிலும் கண்மாயிலும் இறங்குவது, தையல் புண் முழுதாக மூடி, டாக்டரும் சரி என்ற பிறகுதான்.

பாட்டியின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பத்தியம் உங்களுக்குக் கெடுதல். கறி, மீன், முட்டையால் புண் சீழ் பிடிக்காது. புண் ஆறுவதற்கே புரதம் வேண்டும். ஆட்டுக்கால் சூப்பில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின், தசை கட்ட அது போதாது. குடியுங்கள், ஆனால் அதுவே சாப்பாடு ஆகிவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இல்லை என்றால் உங்கள் எடைக்கு நாளுக்கு 110 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரே வேளையில் அடைக்காமல் நான்கு வேளையாகப் பிரியுங்கள். மூன்று முட்டையில் சுமார் 18 கிராம், சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25-க்கு மேல், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 அளவு கிடைக்கும். ஆடவில்லையே, தொப்பை போடுமே என்று சோற்றைப் பாதியாகக் குறைப்பவர்களையும் பார்க்கிறேன். கொஞ்சம் குறைக்கலாம், பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். காய்ச்சலோ, தையலில் நீர் கசிவதோ இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

பொங்கல் தொடரில் ஆடக் கூடாது, தம்பி. நான்கைந்து மாதத்தில் முட்டி வலிக்காது, ஓடவும் வரும், அதுதான் ஆபத்து. வைத்த நார் முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, பிறகு மெதுவாகத்தான் ஜவ்வாக உறுதிப்படும். 2016-ல் வெளியான நார்வே–அமெரிக்கக் கூட்டு ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ரெய்டில் நீங்கள் செய்வதெல்லாம் திடீரென நின்று திரும்புவதுதான், ஏழு பேர் காலைப் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். அதனால் ஒன்பது மாதம் முடிந்திருக்க வேண்டும். வலது தொடையின் பலம் இடதில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக்காலில் தாவும் சோதனையிலும் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போக வேண்டும். இவ்வளவும் தேறினால் முதலில் தொடுதல் இல்லாத பயிற்சி, அப்புறம் அணிக்குள்ளேயே பிடி, கடைசியாக மேட்ச்.