சித்திரை வெயிலும் நமது வீட்டுத்தோட்டமும்

கொழும்பில் வீட்டுத்தோட்டம் என்று சொன்னால் இரண்டு கேள்விகள் உடனே எழும். நிலம் எங்கே இருக்கிறது என்பது முதலாவது. வெள்ளவத்தையில் பலருக்குத் தொடர்மாடி வீடு. கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. இந்த வெயிலில் எது பிழைக்கும் என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு விடை எளிது. பத்துச் சாடிகள் வைக்க இடமிருந்தால் அது தோட்டந்தான். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விஞ்ஞானமும் கொஞ்சம் கணக்கும் தேவைப்படுகின்றன. அவை இரண்டும் நாம் வகுப்பறையில் படித்தவையே.

ஏன் இந்தப் பாடம்?

2022ஆம் ஆண்டை நம் உம்மாமார் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது, ஒரு வருடத்துக்கு முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்குச் சராசரியாக 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்த பின் நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டிருந்தது. 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்யும்படி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் தீர்மானிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்று உண்டு. பசி வந்த பின் விதை தேடினால் காலம் போதாது. கீரைக்கு மூன்று, நான்கு வாரங்கள் வேண்டும். பயற்றங்காய்க்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வேண்டும். எந்தச் சட்டத்தாலும் இந்த நாட்களைக் குறைக்க முடியாது. ஆகவே வீட்டுத்தோட்டம், நெருக்கடி வரும்போது தொடங்கும் வேலையாக இல்லாமல், எப்போதும் நம் கையில் இருக்கும் பழக்கமாக இருக்க வேண்டும்.

வெயில் செடிக்கு என்ன செய்கிறது?

செடி தன் இலைவாய்களினூடாக நீராவியை வெளிவிட்டு உடலைக் குளிர்விக்கிறது. இதையே ஆவியுயிர்ப்பு என்கிறோம். வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமானால் இலைவாய்கள் மூடிக்கொள்ளும். அப்போது காபனீரொட்சைட்டு உள்ளே வருவது குறையும், ஒளித்தொகுப்பும் குறையும். இலை தொங்கிவிடும்.

நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டதும் பலர் வாளியோடு ஓடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மாலையில் இலை தானாக நிமிர்ந்தால் செடி தன்னைக் காத்துக்கொண்டது என்றே பொருள். விடியற்காலையிலும் தொங்கியிருந்தால்தான் அது தாகம். தொங்கிய செடியின் மண் ஈரமாகவே இருந்தால், நீர் தேங்கி வேர் அழுகியிருக்கக் கூடும்; மேலும் நீர் ஊற்றினால் கேடுதான்.

தக்காளியில் பூ நிறையப் பூத்து, காய் பிடிக்காமல் உதிர்வதை நாம் கண்டிருக்கிறோம். கண்ணூறு பட்டது என்றும், கைராசி இல்லை என்றும் வீட்டில் பேசிக்கொள்வார்கள். காரணம் பெரும்பாலும் இரவின் வெப்பமே. தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவு வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. ஏப்ரல் மாதத்தில் கொழும்பின் இரவுகளோ 25 பாகையை ஒட்டியே இருக்கின்றன. அந்த வெப்பத்தில் மகரந்தம் வீரியம் இழக்கிறது. கோவாவும் கரட்டும் நுவரெலியாவில் செழிப்பதற்கும் அங்குள்ள குளிர்ச்சியே காரணம்.

எதை நடலாம்?

வெயிலோடு சண்டையிடும் செடியை விட்டு, வெயிலை விரும்பும் செடியைத் தேர்ந்தெடுப்பதே புத்தி.

தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகள் முதலிடம் பெறும். சோளம், கரும்பு போல இவையும் கடும் வெயிலில் சிக்கனமாக ஒளித்தொகுப்புச் செய்யும் இனத்தவை. வெண்டி, கத்தரி, பயற்றை, பாகல் ஆகியனவும் வெப்பநாட்டுப் பயிர்களே. பயற்றையின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் அதற்குப் பசளையும் குறைவாகவே தேவைப்படும்.

காசு செலவின்றித் தொடங்க ஒரு வழி உண்டு. சந்தையில் வாங்கிய கங்குன், பொன்னாங்காணி, பசளி, புதினா ஆகியவற்றின் இலையைச் சமையலுக்கு எடுத்த பின், உரமான அடித்தண்டுகளை ஈரமண்ணில் நடுங்கள். சில நாட்களில் வேர்விடும். நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய ரம்பையும் கறிவேப்பிலையும் பெரிய சாடியில் பல ஆண்டுகள் நிற்கும். வல்லாரையும் புதினாவும் அரைநிழலில் நன்றாக வரும்.

சூரியன் எந்தப் பக்கம்?

கொழும்பு வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அன்று முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டுப் பாருங்கள். நண்பகலில் நிழலே இராது. அதன் பின் செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே இருக்கும். ஆகவே ஜனவரியில் வெயில் நிறைந்திருந்த தெற்குப் பக்கத்துப் பல்கனி, ஜூனில் நிழலாகிவிடும். சாடிகளை இடம் மாற்ற வேண்டிய காரணம் இதுவே.

கிழக்குப் பக்கம் காலை வெயில் பெறுவதால் மிகவும் நல்லது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பல்கனிகள் மேற்குப் பக்கத்தவை. அங்கே பிற்பகல் வெயில் கடுமையாக இருக்கும். உப்புக் காற்றும் சேரும். அங்கு மேற்குப் பக்கத்தில் நிழல்வலையையோ பழைய பருத்திச் சேலையையோ கட்டலாம். மாலையில் இலைகளில் படிந்த உப்பை நல்ல நீரால் வாரம் ஒரு தடவை கழுவிவிடலாம். சுவரும் சீமெந்துத் தரையும் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் வெளிவிடும். சாடிகளைச் செங்கல்லின் மேலோ பலகையின் மேலோ வைத்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

மண்ணும் பசளையும்

சாடிக்கு வெறும் தோட்டமண் மட்டும் போட்டால் வெயிலில் கல்லாக இறுகிவிடும். மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்தால் நீரைப் பிடித்துவைக்கும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். தும்புத்தூளை முதலில் ஓரிரு தடவை நீரில் அலசி உப்பைப் போக்கிக்கொள்ள வேண்டும். கறுப்பு நிறச் சாடியைவிட வெள்ளைச் சாக்கு குறைவாகச் சூடேறும். சாடியின் மேல் உலர்ந்த இலைகளையோ தேங்காய்த் தும்பையோ இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் நீர் இதனால் பெரிதும் குறையும்.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. கூட்டெருவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரையே இருக்கும். ஒரு கிலோ யூரியாவின் நைதரசனைக் கூட்டெருவால் ஈடுசெய்ய ஏறத்தாழ 30 கிலோ வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நாட்டின் வயல்களுக்கெல்லாம் அவ்வளவு கூட்டெருவை ஒரே போகத்தில் திரட்டுவது ஏன் கடினம் என்பது இதில் விளங்கும். பத்துச் சாடிகளுக்கோ நம் குசினியே போதும். துளையிட்ட வாளியில் மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது ஆகியவற்றைப் போட்டு, அதைப்போல் இரு மடங்கு உலர்ந்த இலையையும் கிழித்த கடதாசியையும் சேருங்கள். மீன், இறைச்சி, எண்ணெய் வேண்டாம். எலி வரும், மணமும் வரும். வாரம் ஒரு தடவை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த, மண்வாசனையுள்ள கூட்டெரு கிடைக்கும்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லீற்றர். வெயில் நாளில் பயிர் நிற்கும் நிலம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரை இழக்கும் என்று கொள்வோம். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சாடியின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர மீற்றர். 0.07ஐ 5ஆல் பெருக்க, 0.35 லீற்றர் வரும். செடி சாடிக்கு வெளியேயும் விரிந்திருப்பதாலும் சாடியின் பக்கங்கள் சூடேறுவதாலும் இதை இருமடங்காக, முக்கால் லீற்றர் அளவில் வைத்துக்கொள்ளலாம். பத்துச் சாடிகளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு லீற்றர். அவ்வளவுதான்.

இந்த ஏழெட்டு லீற்றரும் எங்கிருந்து வரும்? நாம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை வுழூச் செய்கிறோம். குழாயின் கீழ் ஒரு பேசினை வைத்து, ஒரு வேளைக்கு எவ்வளவு சேருகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு லீற்றர் சேர்ந்தாலே ஐந்து வேளைக்குப் பத்து லீற்றர் ஆகும். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் வுழூச் செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது. அது ஏறத்தாழ முக்கால் லீற்றருக்கு மேற்படாது. நம் பேசினில் சேர்ந்ததோடு அதை ஒப்பிடும்போது, தோட்டத்தோடு நம் பழக்கத்தையும் அளக்கிறோம்.

வுழூச் செய்த நீரைக் கொண்டு மீண்டும் வுழூச் செய்வதில்லை. ஆனால் அது சுத்தமான நீரே. செடிக்கு ஊற்றத் தடையில்லை. வாய் கொப்பளித்த நீரும் அதில் சேர்வதால் கீரை இலைகளின் மேல் ஊற்றாமல் அடிமண்ணில் ஊற்றுவது சுகாதாரம். அரிசி கழுவிய நீரும் நல்லது. சவர்க்காரத்தூள் கலந்த நீர் மட்டும் ஆகாது. அதிலுள்ள சோடியம் மண்ணைக் கெடுக்கும். கடலோரத்து ஆழமற்ற கிணறுகளில் வறண்ட நாட்களில் உவர் ஏறக்கூடும். இலையின் ஓரங்கள் தீய்ந்ததுபோல் கருகினால் அந்த நீரைச் சந்தேகியுங்கள்.

ஊற்றும் நேரம் அதிகாலை. ஸுப்ஹு தொழுகைக்குப் பின்னுள்ள நேரமே மிகப் பொருத்தம். நீர் வேர்வரை இறங்கும், வெயில் ஏறுமுன் செடி குடித்துவிடும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிடச் சாடியின் அடித்துளையால் நீர் வரும்வரை ஊற்றுவது மேல். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே படர்ந்து சூட்டில் வாடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

சாடியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் அது டெங்கு நுளம்புக்கு வீடாகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கினால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். அதன் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, நீரின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாமலிருப்பது இன்னும் நல்லது. நீர் சேமிக்கும் வாளிகளை இறுக மூடிவையுங்கள்.

மற்றது பாரம். ஈரமண் நிரம்பிய 20 லீற்றர் வாளி 30 கிலோ வரை இருக்கும். மொட்டைமாடியில் சாடிகளை நடுவில் குவிக்காமல் சுவரோரமாகப் பரப்பி வையுங்கள். பல்கனிக் கம்பியின் மேல் எதையும் வைக்காதீர்கள். கீழே பிள்ளைகள் நடமாடுவார்கள்.

யாருக்காக இந்தத் தோட்டம்?

பத்துச் சாடிகள் ஒரு குடும்பத்தின் மரக்கறிச் செலவை முழுதும் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாட்களுக்குக் கீரைச் சுண்டலும், அன்றாடக் கறிக்குக் கறிவேப்பிலையும் ரம்பையும் வீட்டிலிருந்தே கிடைக்கும். ஓர் இலை எத்தனை நாள் உழைப்பு என்று அறிந்த பிள்ளை, தன் பீங்கானில் கறியை மிச்சம் வைக்கத் தயங்குவாள்.

ஒரு முஸ்லிம் மரமொன்றை நட்டு அல்லது பயிரொன்றைச் செய்து, அதிலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழியின் கருத்து. உண்பவர் யார் என்று அங்கே கேட்கப்படவில்லை. நம் பல்கனியின் கீரையைக் கிளி கொத்தினாலும், ஒரு பிடி கங்குன் பக்கத்து வீட்டுத் தமிழ் அன்ரியின் குசினிக்கோ சிங்கள மாமியின் குசினிக்கோ போனாலும் அது வீணாவதில்லை.

மாணவியரே, இந்தத் தவணை விடுமுறையில் மூன்று சாடிகளோடு தொடங்குங்கள். ஒன்றில் கங்குன் தண்டு, ஒன்றில் கீரை விதை, ஒன்றில் பயற்றை. விதைத்த நாளையும், முளைத்த நாளையும், ஊற்றிய நீரின் அளவையும் ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். முற்றிய காய் ஒன்றைச் செடியிலேயே காயவிட்டு அதன் விதையை எடுத்து, ஒரு தோழிக்குக் கொடுங்கள். பெற்றோரே, முதல் முறை செடி வாடினால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஏன் வாடியது என்று அவளையே கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த செடி முளைக்கும், இன்ஷா அல்லாஹ்.