கலக்கும்போது தாராளம், நனைக்கும்போது கஞ்சம்

நம்பிக்கை: சிமென்ட் காய்ந்தால்தான் இறுகும்.

காய்வது வேறு, இறுகுவது வேறு. தண்ணீரோடு வேதிவினை நடந்துதான் சிமென்ட் கெட்டிப்படுகிறது. தண்ணீருக்கு அடியிலும் இறுகும். மேலே வெளுத்ததும் ‘செட் ஆயிடுச்சு’ என்று நனைப்பதை நிறுத்தினால் வினை பாதியில் நின்றுவிடும். சாதாரண சிமென்டில் போட்ட கான்கிரீட்டை ஏழு நாளும், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் குறைந்தது 10 நாளும் ஈரமாக வைக்கச் சொல்கிறது ஐ.எஸ். 456 தர விதி. தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம், சரி. தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்கத்தான் ஆள் இருப்பதில்லை. வீட்டையே தாங்குவது அது!

நம்பிக்கை: தண்ணீர் கூடினால், கூட ஒரு மூட்டை சிமென்ட் போட்டால் சரியாகிவிடும்.

கலவை இயந்திரத்துக்குள் ஹோஸ் பைப்பைச் செருகிவிட்டு, குழம்புப் பதம் வரும்வரை வேடிக்கை பார்ப்பதுதான் இங்கே அளவு. கொட்டுவதற்கு அது சுலபம்தான். ஆனால் வினைக்குத் தேவையானது போக மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுப்போகும்; பிறகு அந்த வழியாகவே மழை ஈரம் கம்பியைத் தொடும். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது. ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் இதில் அடக்கம். கூடுதல் மூட்டை போட்டால் சுருக்க வெடிப்புதான் அதிகமாகும்.

நம்பிக்கை: எந்த வேலைக்கும் 53 கிரேடுதான் உசத்தி.

53 என்பது 28 நாளில் சோதனைக் கட்டி தாங்கவேண்டிய அழுத்தம், மெகாபாஸ்கல் கணக்கில். செங்கல் கட்டுக்கு 1:6, கூரை அடிப்பூச்சுக்கு 1:4 என்று சாந்து கலக்கும் வேலைக்கு அவ்வளவு பலம் எதற்கு? பி.பி.சி. போதும், சூடும் குறைவு.

நம்பிக்கை: இறுகிய சாந்தைத் தண்ணீர் தெளித்துக் குழைத்தால் பழையபடி ஆகிவிடும்.

குழையும், பலம் திரும்பாது. இறுகத் தொடங்கியதைக் கொட்டிவிட வேண்டியதுதான். அதனால் விவரமான கொத்தனார் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் மூட்டையைப் பிரிக்க விடமாட்டார். மணலை மட்டும் சலித்து வைக்கச் சொல்வார்.